இருபத்துநான்காவது பெட்டி

அத்தியாயம் 9

ஜொவிட்டா இறந்து முப்பத்தாறு நாள் ஆகியிருந்தது.

முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. கல்லறைக்கு வந்தவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் கணவன் ஃபிரெட்ரிக் மெல்போர்னுக்குப் புறப்பட இன்னும் ஐந்து நாள் இருந்தது. இரண்டு விமான டிக்கெட்டில் ஒன்றை ரத்து செய்தாகிவிட்டது. ரத்து செய்ய முடியாமல் மிச்சம் இருந்தவை இருபத்து மூன்று அட்டைப்பெட்டிகள்.

ஜூலை முதல் வாரத்தில் ஜொவிட்டா அவற்றைக் கட்டினாள். அவன் அலுவலகத்தில் பாலத்துக்கு வரைபடம் போட்டுவிட்டு இரவு வீட்டுக்கு வரும்போதெல்லாம் கூடம் இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கும். டேப் ஒட்டி, அதன் மேலேயே மார்க்கர் பேனாவால் எண் எழுதுவாள். கணக்கு டீச்சர். ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போடுவாள். பெட்டிகளைக் கப்பல் ஏஜென்சியின் கிடங்குக்கு அனுப்பிய மறு வாரம் காய்ச்சல் வந்தது. நான்கே நாள்.

போன வாரம் கல்லறையிலிருந்து திரும்பும்போது மாமியார் நோரா டீச்சர் அவனிடம் ஒன்று கேட்டார். "அவ புடவைப் பெட்டியை மட்டும் எனக்குக் கொடுத்துட்டுப் போங்க மாப்பிள்ளை." அவன் பதில் சொல்லவில்லை.

பெட்டிகளை ஏற்றும் நாள் இன்று. இனி பதில் சொல்லியாகவேண்டும்.

"நானும் வரேன்டா" என்றாள் சான்ட்ரா. அக்கா. அசோக் நகரிலிருந்து தினமும் காலையில் டிபன் கேரியருடன் மயிலாப்பூருக்கு வந்துவிடுகிறாள்.

"வேணாம். ஒரு கையெழுத்துதான்."

"அப்ப சாப்பிட்டுட்டுப் போ. நேத்து வெச்ச இட்லி அப்படியே இருக்கு. எறும்புகூட வரலை. எறும்புக்கே என் இட்லி மேல நம்பிக்கை போயிடுச்சு போல."

அவன் சிரிக்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

"டீச்சர் நேத்து போன் பண்ணாங்க" என்றாள், கேரியரைத் திறந்தபடி. "அந்த டம்ளரை இன்னும் தேடறாங்க."

அது ஒரு எவர்சில்வர் காபி டம்ளர். நோரா அல்போன்ஸ் என்பதற்கு 'நோ.அ.' என்று பெயர் வெட்டியது. ஜூலையில் காணாமல் போயிற்று. வேலைக்கு வந்த பெண்தான் எடுத்தாள் என்று முடிவு செய்து டீச்சர் அவளை நிறுத்தியும்விட்டார். அதோடு கண்ணாடி. ஆஸ்பத்திரி வராந்தாவில் விழுந்து அவருடைய கண்ணாடி உடைந்தது. பழைய பழுப்பு ஃப்ரேம் கண்ணாடி அலமாரியில் இருக்குமே என்று தேடினார். அதுவும் இல்லை. புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளச் சொன்னால், "இனிமே எதைப் படிக்கணும்?" என்றார்.

"நீ எங்கே போறேன்னும் கேட்டாங்க" என்றாள் சான்ட்ரா.

"சொன்னியா?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

ஃபிரெட்ரிக் ஒரு இட்லியை எடுத்தான். பாதியை வைத்துவிட்டு எழுந்தான்.

*

ஆழ்வார்பேட்டையில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது ஏஜென்சி. படியேறும்போது பஃப்ஸ் வாசனையும் கூடவே ஏறியது.

உள்ளே நோரா டீச்சர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை. மடியில் கைப்பை. பங்குப் பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருடம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். காத்திருக்கும்போதும் யாரையோ காத்திருக்க வைத்திருப்பது போலத்தான் உட்கார்வார்.

"வாங்க மாப்பிள்ளை. நான் வரக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே?"

"இல்லை அத்தை."

"சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன்."

மேசைக்கு அந்தப் பக்கம் வஜீஹா எழுந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். இந்தக் குடும்பத்தின் பெட்டிகளை ஆரம்பத்திலிருந்து கவனித்துக்கொண்டவள் அவள்தான். "சார், மேடம் விஷயம் தெரிஞ்சதும் எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும்..."

"ஃபார்ம் எங்கே?"

அவள் உட்கார்ந்தாள். இரண்டு ஃபார்ம்களை எடுத்து அடுத்தடுத்து வைத்தாள்.

"இது பழசு சார். வந்து சேர்றவங்க ரெண்டு பேர்னு போட்டிருக்கு. பொருளுக்குச் சொந்தக்காரங்களும் ரெண்டு பேர். இப்போ அதை ஒண்ணுன்னு மாத்தணும். பெட்டி கட்டினவங்கன்னு மேடம் கையெழுத்து போட்டிருக்காங்க. அது இனிமே..."

"செல்லாது."

"ஆமா சார்."

புதிய ஃபார்மை அவன் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஆறாவது கேள்வி. இந்தப் பெட்டிகளை நீங்களே கட்டினீர்களா? ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? பேனாவை எடுத்தான். 'ஆம்' என்ற கட்டத்துக்குக் கொண்டுபோனான். வஜீஹாவின் உள்ளங்கை காகிதத்தின் மேல் வந்து உட்கார்ந்தது.

"நீங்க கட்டலையே சார்."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். இதே நாற்காலியில உட்கார்ந்துதான் மேடம் லிஸ்ட் எழுதினாங்க. 'எங்க வீட்டுக்காரருக்கு வீட்ல உப்பு எங்கே இருக்குன்னே தெரியாது, பெட்டியில இருக்கறதா தெரியப்போகுது'ன்னு சிரிச்சாங்க."

"அப்படிச் சொன்னாளா?"

"சொன்னாங்க."

உண்மைதான். உப்பு எங்கே இருக்கிறது என்று அவனுக்கு இன்றும் தெரியாது. சான்ட்ரா வாங்கி வந்த பாக்கெட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

"ஏழாம் நம்பர் பெட்டியில என்ன சார் இருக்கு?"

"போர்வை."

"குக்கர், வாணலி, இட்லிப் பானை." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அங்கே கஸ்டம்ஸ்ல கேட்டு, நீங்க ஒண்ணு சொல்லி உள்ளே வேற இருந்தா, எல்லாப் பெட்டியையும் திறந்து கொட்டுவாங்க. இங்கேயே ஒரு தடவை பார்த்து எழுதிடலாம்."

"திறக்க வேணாம்."

"சார்..."

"லிஸ்டை நான் மனப்பாடம் பண்ணிக்கறேன். பெட்டியைத் திறக்க வேணாம்."

அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவள் மூடிய பெட்டிகள் அவள் மூடியபடியே போய்ச் சேரவேண்டும். போன பிறகு என்ன செய்வது என்று அவன் இன்னும் யோசிக்கவில்லை. மூடியிருக்கும் வரை அது ஜொவிட்டா செய்துகொண்டிருக்கும் வேலை. திறந்துவிட்டால் அவள் செய்து முடித்துவிட்டுப் போன வேலை.

நோரா டீச்சர் மேசைப் பக்கம் குனிந்தார். பட்டியலைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு வஜீஹாவிடமே நீட்டினார்.

"எனக்குத் தெரியலைம்மா. புடவை எந்தப் பெட்டின்னு பார்த்துச் சொல்லு."

"பதினாலு ஆன்ட்டி. புடவை பன்னெண்டு. கல்யாணப் புடவையும் அதுலதான்."

"அதை மட்டும் இங்கேயே இறக்கிடச் சொல்லு."

"இல்லை" என்றான் ஃபிரெட்ரிக். "அது என்கூட வருது."

"எதுக்கு? மெல்போர்ன்ல அதை யார் கட்டிக்கப் போறா?"

வஜீஹாவின் பேனா கீழே விழுந்தது. அதை எடுக்க அவள் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

"யாரும் இல்லை" என்றான் அவன்.

"அப்ப?"

"அப்பவும் வருது."

"எனக்குன்னு என்னதான் விட்டுட்டுப் போறீங்க? இருந்தப்போ அவளைக் கூட்டிக்கிட்டு, என்னைத் தனியா விட்டுட்டுப் போறதா இருந்தீங்க. இப்ப அவ புடவையையும் கூட்டிக்கிட்டுப் போறீங்க."

அவன் சுவரில் இருந்த கப்பல் காலண்டரைப் பார்த்தான். வஜீஹா தொண்டையைச் செருமிக்கொண்டு ஃபார்மை எடுத்தாள். சண்டைக்கு நடுவில் கேள்வி கேட்டுக் கேட்டுப் பழகியவள்.

"சரி சார், அடுத்த பக்கம் முடிச்சுடலாம். விதை, தானியம்?"

"இல்லை."

"தேன்?"

"இல்லை."

"மண் ஒட்டின செருப்பு, ஷூ?"

"கழுவித்தான் வெச்சா."

"காய்ஞ்ச இலை, பூ, ஓலை?"

"இல்லை."

நோரா டீச்சர் நிமிர்ந்தார். "இலைன்னா எந்த இலை?"

"எந்த இலையும் ஆன்ட்டி. அவங்க ஊர்ல இல்லாத பூச்சி வந்துடும்னு பயம். கறிவேப்பிலைக்கே பெட்டியை நிறுத்திடுவாங்க."

"மந்திரிச்ச இலைகூடவா?"

வஜீஹாவின் பேனா ஃபார்ம் மேலேயே நின்றது.

"அத்தை" என்றான் ஃபிரெட்ரிக்.

"குருத்தோலை. நம்ம கோயில்ல குருத்து ஞாயிறுக்குக் கொடுத்தது. ஃபாதர் மந்திரிச்சது. அது எப்படிக் குப்பை இலை ஆகும்?"

"எந்தப் பெட்டியில வெச்சீங்க?"

அவர் கைப்பையின் ஜிப்பை மூடினார். மூடியிருந்ததைத்தான் மறுபடியும் மூடினார்.

"எல்லாத்துலயும்" என்றார். "நீங்க ரெண்டு பேரும் பேங்க்குக்குப் போயிருந்தீங்க. பெட்டியெல்லாம் கூடத்துல அடுக்கியிருந்தது. பக்கத்துல கை விட்டுத் தூக்க ஓட்டை இருக்குல்ல, அது வழியாச் சொருகினேன். இருபத்து மூணு துண்டு. எண்ணித்தான் கிழிச்சேன்."

வஜீஹா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சார், அது ஒரே கன்டெய்னர். உங்களோட இன்னும் ஆறு குடும்பத்துச் சாமான் போகுது. ஒரு பெட்டியில இலை கிடைச்சா ஏழு பேர் சாமானும் நிக்கும். சாயந்திரம் ஆறு மணிக்கு சீல் வைக்கிறாங்க. இருபத்து மூணையும் திறந்து எடுத்துடணும். இல்லேன்னா உங்களோடதை நான் ஏத்த முடியாது."

ஃபிரெட்ரிக் பேனாவின் மூடியை மூடி மேசையில் வைத்தான். ரொம்பவும் மெதுவாக வைத்தான்.

*

வஜீஹா ஸ்கூட்டரில் முன்னால் போய்விட்டாள். மாப்பிள்ளையும் மாமியாரும் ஒரே ஆட்டோவில். தி. நகரில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வண்டி நின்று நின்று போயிற்று.

"நாப்பது நாள் ஆகலை. என்கிட்ட கோபிக்காதீங்க" என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடி.

"கோபம் இல்லை."

"எங்க வீட்ல பொண்ணு எந்த ஊருக்குப் போனாலும் பெட்டியில மந்திரிச்ச ஓலை வெச்சுத்தான் அனுப்புவோம். என் தங்கச்சி குவைத் போனப்பவும் வெச்சோம். யாரும் ஒண்ணும் கேக்கலை."

"சொல்லியிருக்கலாம்."

"சொன்னா எடுத்துப் போட்டிருப்பா. அந்த ஊர் சட்டமெல்லாம் பிரிண்ட் எடுத்துக் கோடு போட்டுப் படிச்சவ." கோடம்பாக்கம் பாலத்தில் வண்டி ஏறியது. அவர் குரலும் கொஞ்சம் ஏறியது. "நான்தான் அவளுக்குத் தெரியாம செஞ்சேன். அவ எனக்குத் தெரியாம ஒண்ணு செஞ்சதில்லை. சின்னதுல பென்சில் தொலைச்சாக்கூட வந்து சொல்லிடுவா."

ஃபிரெட்ரிக் தலையசைத்தான். அவனிடமும் அவள் எதையும் மறைத்ததில்லை. அதை அவன் சொல்லவில்லை.

*

கிடங்கு ஒரு காலத்தில் சினிமா ஸ்டுடியோவின் படப்பிடிப்புத் தளமாக இருந்தது. கூரை அவ்வளவு உயரம். பின்சுவரில் பாதிவரை நீல வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது வானம் சார்" என்றார் பாலு, அவன் அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டு. கிடங்குப் பொறுப்பாளர். இதே தளத்தில் லைட்மேனாக இருந்தவர். "அதுக்குக் கீழ எவ்ளோ பேருக்கு லைட்டு புடிச்சிருக்கேன் தெரியுமா? இப்ப எலி புடிச்சிக்கினு கீறேன். உன் பெட்டிய ஒரு எலி தொட்டிருக்காது சார். அதுக்கு நான் கேரண்டி."

அவருக்கு விஷயம் தெரியாது. வஜீஹா அவரை ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னாள். திரும்பி வந்தபோது பாலு பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டர் கத்தியை எடுத்து, கைப்பிடிப் பக்கம் திருப்பி, ஃபிரெட்ரிக்கிடம் நீட்டினார்.

"நான் அறுக்கட்டா சார்?"

"வேணாம்."

முதல் பெட்டி. டேப்பின் நடுவில் '1' என்று இருந்தது. அந்த ஒன்றை நீளவாக்கில் அறுத்தான். புத்தகங்கள். மேலேயே கிடந்தது ஓலைத் துண்டு, விரல் நீளத்துக்குப் பழுப்பாக. நோரா டீச்சர் கைக்குட்டையை விரித்து அதை வாங்கிக்கொண்டார்.

"அந்தக் குப்பைத் தொட்டில போடுங்கம்மா" என்றார் பாலு.

"மந்திரிச்சதைக் குப்பையில போடக் கூடாது. கோயில்ல கொடுத்துடுவோம். சாம்பல் புதனுக்கு எரிப்பாங்க."

"கரெக்ட்டும்மா. அது பாவம்" என்று பாலு உடனே கட்சி மாறினார்.

வஜீஹா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டே வந்தாள். புத்தகம், நாற்பத்து ஒன்று. சொந்தக்காரர், ஃபிரெட்ரிக். அடுத்தது. போர்வை, தலையணை உறை. சொந்தக்காரர், ஃபிரெட்ரிக். ஒவ்வொரு முறையும் அவள் அவனைப் பார்ப்பாள். அவன் தலையசைப்பான்.

ஏழில் குக்கர். குக்கருக்குள் இடம் வீணாகக் கூடாது என்று அவனுடைய சாக்ஸைச் சுருட்டி அடைத்திருந்தாள். ஒன்பதில் சமையல் டப்பாக்கள். எல்லாம் காலி. கழுவிக் காய வைத்தவை. ஒரு டப்பாவில் காகிதம் ஒட்டி 'உப்பு' என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் பெரிதாக ஓர் அம்புக்குறி.

அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். டீச்சர் அவனைப் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அவன் டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்து மூடினான். பாலு புது டேப் ஒட்டினார். அதன் மேல் யாரும் எண் எழுதவில்லை.

பதினான்கு. புடவைகள். நாஃப்தலின் வாசனைதான் முதலில் வந்தது. அதற்கடியில் வேறொரு வாசனையும் இருந்தது. நோரா டீச்சர் கையை நீட்டினார். மேலே இருந்த சந்தன நிறப் புடவையைத் தொடாமல், அதன் மேல் கிடந்த ஓலையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"புடவை பன்னெண்டு" என்றாள் வஜீஹா. "சொந்தக்காரர்?"

"நான்."

"பன்னெண்டு புடவையும் உங்களோடதா?" என்றார் டீச்சர். கத்தவில்லை. வகுப்பில் தப்புக் கணக்கு போட்டவனைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"ஆமாம் அத்தை."

அவர் கைக்குட்டையின் முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் இருபத்து மூன்றாவது பெட்டி முடிந்தது. ஃபிரெட்ரிக்கின் விரலில் இரண்டு இடத்தில் கத்தி பட்டிருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. டீச்சர் கைக்குட்டையைப் பெட்டி மேல் விரித்து ஓலைகளை எண்ணினார்.

"இருபத்து மூணு. சரியா இருக்கு."

"அப்ப இதுல இல்லியாம்மா?" என்றார் பாலு.

சுவர் ஓரமாகத் தனியாக ஒரு பெட்டி இருந்தது. மற்றவற்றைவிடச் சின்னது. டேப்பின் மேல் மார்க்கர் பேனாவால் '24' என்று எழுதியிருந்தது.

வஜீஹா பட்டியலைப் புரட்டினாள். "இருபத்து மூணுதானே?"

"நான் இருபத்து மூணுதான் வெச்சேன்" என்றார் டீச்சர்.

"இது தனியா வந்தது மேடம்." பாலு பிடரியைத் தேய்த்துக்கொண்டார். "வண்டி வந்துட்டுப் போயி ரெண்டு நாளு கழிச்சி. அவுங்களே ஆட்டோல எடுத்தாந்தாங்க. லிஸ்ட்ல அப்பால சேத்துக்கலாம்னாங்க. ரசீது போட்டுக் குட்த்தேன். நம்மகிட்ட காப்பி கீது."

அவர் மேசைக்குப் போய் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார். ஓர் இடத்தில் நின்றார். படித்தார். ஃபிரெட்ரிக்கை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்தத் தாளைக் கிழித்து, இரண்டாக மடித்து, அவன் கையில் மட்டும் கொடுத்தார்.

ரோஸ் நிறத் தாள், கார்பன் நகல். ஜூலை பதினொன்று. ஒரு பெட்டி. சொந்த உபயோகச் சாமான். குறிப்பு என்ற இடத்தில் பாலுவின் கோணல் எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'வீட்டுக்காரருக்கு இப்போ சொல்ல வேணாம். அவங்களே சொல்வாங்களாம்.' அந்த வரிக்கு நேர் கீழே ஜொவிட்டாவின் கையெழுத்து.

ஜூலை பதினொன்று. அன்று அவள் லஸ்ஸில் தையற்காரரிடம் போய்விட்டு வந்ததாகச் சொன்னாள்.

அவன் தாளை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். கத்தியை எடுத்தான்.

மேலே இரண்டு ஸ்வெட்டர்கள். புதியவை. விலைச்சீட்டை வெட்டியிருந்தாள். அவள் அளவு இல்லை. அடியில் மிருதுவான ரப்பர் செருப்பு, ஐந்தாம் நம்பர். ஒரு வெந்நீர்ப் பை. ஒருவருக்கு மட்டும் காபி இறக்கும் அளவுக்கு ஒரு சின்ன ஃபில்டர். மெத்தென்ற துணியில் சுற்றி ஏதோ இருந்தது. அவன் பிரித்தான்.

எவர்சில்வர் டம்ளர். நோ.அ.

நோரா டீச்சர் அதை அவன் கையிலிருந்து வாங்கினார். பெயர் வெட்டிய இடத்தைக் கட்டை விரலால் தடவினார். படிக்கத் தேவை இருக்கவில்லை.

"இதுக்காக அந்தப் பொண்ணை நான் திருடின்னு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பெட்டிக்குள் பார்த்தார். ஸ்வெட்டரைப் பார்த்தார். செருப்பைத் தன் காலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவருக்கு மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்ததும் பக்கத்திலிருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்னைக் கூட்டிக்கிட்டுப் போறதா இருந்தாளா?"

அவர் நிமிர்ந்து ஃபிரெட்ரிக்கைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா மாப்பிள்ளை?"

மே மாதம். அடையாறில் ஒரு ஐஸ்கிரீம் கடை வாசல். அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போகலாமா ஃபிரெட், கொஞ்ச மாசத்துக்கு விசா கிடைக்கும், நான் பார்த்துட்டேன் என்றாள். இப்ப வேணாம் ஜோ, முதல் வருஷமாவது அது நம்ம வீடா இருக்கட்டும் என்றான் அவன். அவள் ஐஸ்கிரீமை முடித்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். சரி என்றாள். அவ்வளவுதான். அவள் சரி என்று சொன்னால் சரி என்றுதான் அர்த்தம் என்று அவன் இவ்வளவு நாள் நினைத்திருந்தான்.

"சார்" என்றாள் வஜீஹா தயங்கி. "இருபத்து நாலாவதை எழுதணும். யார் கட்டினாங்கன்னு போடட்டும்?"

"நாங்க ரெண்டு பேரும்" என்றான் ஃபிரெட்ரிக். "ரெண்டு பேரும் சேர்ந்துதான் கட்டினோம்."

வஜீஹா அவன் மூடிய கையைப் பார்த்தாள். பாலுவைப் பார்த்தாள். பாலு சுவரில் இருந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் காகிதத்தின் மேல் கை வைத்துத் தடுத்தவள் இப்போது தடுக்கவில்லை. எழுதவும் இல்லை.

"நீங்களும் சம்மதிச்சீங்களா?" என்றார் நோரா டீச்சர்.

"ம்."

"நான் காலையில உங்களை என்னவெல்லாம் சொன்னேன். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே தம்பி."

கல்யாணமாகி இத்தனை நாளில் அவர் அவனைத் தம்பி என்று அழைத்ததில்லை. அவன் நின்ற இடத்திலேயே நின்றான். உள்ளங்கையில் தாள் வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

அவர் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியில் மிச்சம் இருந்ததைத் துழாவினார். ஒரு கண்ணாடிக் கூடு. திறந்தார். பழுப்பு ஃப்ரேம்.

"இதையும் எடுத்துட்டாளா? திருட்டுக் கழுதை" என்றார். முப்பத்தாறு நாளில் முதல் தடவையாக மகளைத் திட்டினார். முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. பிறகு நிமிர்ந்து அவன் கையைப் பார்த்தார்.

"அது என்ன, ரசீதா?"

"ஆமாம் அத்தை. சும்மா ரசீது."

"கொண்டுவந்து கொடுத்தவங்க கையெழுத்து இருக்கும்ல? அவ கையெழுத்து?"

"இருக்கு."

"அவ கடைசியாப் போட்ட கையெழுத்தா இருக்கும்."

அவர் புடவைத் தலைப்பின் நுனியால் கண்ணாடியின் ஒரு பக்கத்தைத் துடைத்தார். பிறகு மறுபக்கத்தைத் துடைத்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். போட்டுக்கொண்டார்.

"கொடுங்க தம்பி" என்று கையை நீட்டினார். "கையெழுத்தை மட்டும் பார்த்துட்டுத் தந்துடறேன்."